எட்டாம் இடத்துச் சிவப்பு

எங்கள் தோல் மருத்துவமனையில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் போலீஸ் அக்கா. அவர் எதிரில் வெறும் 'அக்கா'தான், முன்பாதியை விழுங்கிவிடுவோம். அப்படியொரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். யார் ஆரம்பித்தது என்பதுதான் பதினொரு வருடமாக அவரால் துப்புத் துலக்க முடியாத ஒரே வழக்கு. ஆரம்பித்தது நான்தான். இதைப் படித்துவிட்டு வந்து கேட்டாலும் ஆதாரம் இல்லை என்று சாதித்துவிடுவேன்.

நான் டோக்கன் கொடுப்பவன். என் மேசைக்கும் அவருடைய அறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைதான். அவர் நர்ஸ். சின்னப் பிள்ளைகளின் தோலுக்கு எது பட்டால் ஒத்துக்கொள்வதில்லை என்று முதுகில் ஒட்டிப் பார்ப்பது அவர் வேலை. ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. ஓர் ஒட்டுப் பட்டையில் சட்டைப் பொத்தான் அளவில் பத்துக் கிண்ணங்கள், ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. ஒவ்வொரு கிண்ணத்திலும் சந்தேகத்துக்குரிய ஒரு பொருள் துளியளவு இருக்கும்: நிக்கல், வாசனைக் கலவை, மரப்பிசின், பிள்ளைகளைத் துடைக்கும் ஈரத்துணிப் பொட்டலம் கெடாமலிருக்கப் போடும் மருந்து, ரப்பரில் சேர்க்கும் சரக்கு. திங்கட்கிழமை ஒட்டினால் புதன்கிழமை எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை மறுபடியும் பார்ப்பார்கள், ஏனென்றால் தோல் சாவகாசமாகத்தான் வாயைத் திறக்கும். ஒத்துக்கொள்ளாத பொருள் இருந்த இடம் சிவந்து தடித்துக் காட்டிக்கொடுக்கும்.

பெரியவர்களுக்கு நான்கைந்து பட்டைகூட ஒட்டலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு முதுகு எவ்வளவு இருக்கும்? என் உள்ளங்கை இரண்டை வைத்தால் தீர்ந்தது. அதனால் யார் யாரைச் சந்தேகிப்பது என்று முன்கூட்டியே பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு அக்காவைவிட்டால் ஆள் இல்லை.

பிள்ளையின் உடம்பில் படுகிற சாமான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வார். பையை மேசையில் கவிழ்ப்பார். ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பார். பிறகு பையை விட்டுவிட்டு, கொண்டுவந்தவரை ஏற இறங்கப் பார்ப்பார்.

"பையில இருக்கிறது பாதிக்குப் பாதி நிரபராதி தம்பி," என்பார் என்னிடம். "பையில போடணும்னு யாருக்கும் தோணாம ஒண்ணு வீட்ல உக்காந்திருக்கும். அதுதான் ஆள்."

ஒரு தாய் இருபத்து மூன்று சாமான் கொண்டுவந்தார். அவர் கழுத்தில் பூசியிருந்த சென்ட் அதில் இல்லை. பிள்ளை தினமும் தூங்குவது அந்தக் கழுத்தில் முகம் புதைத்து. இப்படிப் பிடித்த ஆட்கள் நிறைய.

ஒட்டும்போதும் யாரையும் நம்பமாட்டார். பட்டையின் வலது மேல்மூலையைக் கத்திரியால் துளி வெட்டிவிட்டுத்தான் ஒட்டுவார். எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். "ஒட்டினது நான். வீட்டுக்குப் போனப்புறம் அது அப்படியே இருந்துச்சுன்னு என்ன நிச்சயம்?" என்றார். எடுப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுப்பார். வெட்டிய மூலை மேலே வலப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பட்டையில் கை வைப்பார். அனுப்பும்போது மூன்று தடவை சொல்வார்: நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது, கழன்றால் திருப்பி ஒட்டாதீர்கள், நேராக இங்கே வாருங்கள். பெற்றவர்கள் அதைத் திருப்பிச் சொன்னால்தான் வெளியே விடுவார்.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்ற பழமொழி அவர் வாயிலேயே இருக்கும். எனக்குத் தலைவலி என்றால்கூட மூன்று கேள்வி கேட்டுத்தான் லீவுக்கு ஒத்துக்கொள்வார்.

இந்தக் குணம் பிறவியில் வந்ததில்லை என்று அவரே ஒரு தடவை சொன்னார். அவருடைய மகளுக்கு ஆறு வயதில் கண் இமை வீங்க ஆரம்பித்தது. அக்கா அப்போது வேறு வார்டில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பூனைதான் காரணம் என்று முடிவு கட்டி, அந்த வீட்டுக்காரியோடு மல்லுக்கு நின்று, பூனையை ஊரைவிட்டே அனுப்ப வைத்தார். வீக்கம் போகவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆசையாகப் பூசிவிட்ட நகப்பூச்சு அது. நகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை அந்த விரலால் கண்ணைக் கசக்கியது, அவ்வளவுதான். பூனைக்காரி இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. அன்று முதல் அக்கா எதையும் யாரையும் நம்புவதில்லை. ஒருத்தரை அவசரப்பட்டுக் குற்றவாளி ஆக்கியவர் அதிலிருந்து நிதானத்தைக் கற்றிருக்கலாம். இவர் எல்லோரையும் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டார். இரண்டும் ஒன்றென்று நானும் நினைத்திருந்தேன், வாலு வரும்வரை.

வாலு என்றால் மூன்று வயதுப் பெண் குழந்தை. வந்த ஐந்தாவது நிமிடத்தில் என் டோக்கன் கட்டைக் குலைத்துப் போட்டதால் நான் வைத்த பெயர். அவளுடைய அம்மா பள்ளிக்கூட டீச்சர். பையோடு ஒரு நோட்டும் கொண்டுவந்திருந்தார்.

"பாருங்க சிஸ்டர். ரெண்டு கன்னத்துலயும். இது விரல் இல்லாம வேற என்ன?"

நானும் திரை விலகிய இடத்தில் எட்டிப் பார்த்தேன். வாயோரத்திலிருந்து காதுப் பக்கமாக மூன்று சிவப்புக் கோடுகள், இந்தக் கன்னத்தில் மூன்று, அந்தக் கன்னத்தில் மூன்று. அறைந்த தடம் போலத்தான் இருந்தது.

"நாள்வாரியா எழுதியிருக்கேன்," என்று டீச்சர் நோட்டைப் பிரித்தார். "திங்கக்கிழமை ஒண்ணும் இருக்காது. புதன்கிழமை சிவக்கும். வெள்ளிக்கிழமை பாக்கவே முடியாது. சனி, ஞாயிறு இறங்கிடும். குழந்தைங்க காப்பகம் போற நாள்ல ஏறுது, போகாத நாள்ல இறங்குது. இதுக்கு மேல என்ன வேணும்?"

டாக்டர் வந்து தடவிப் பார்த்தார். அவர் அதிகம் பேசமாட்டார். "அடிச்ச தடம் இப்படி உரியாதும்மா. சொரசொரன்னு இருக்கு பாருங்க. ஏதோ பட்டு வந்தது. ஒட்டிப் பாத்துடலாம்," என்று போய்விட்டார்.

அறைந்ததல்ல என்றதும் டீச்சருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அப்போ அந்தக் காப்பகத்து ஆயா எதையோ போட்டுத் தேய்க்கிறா," என்றார். பையிலிருந்து ஒரு ரப்பர் கையுறைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். காப்பகத்தில் இதைப் போட்டுக்கொண்டுதான் பிள்ளைகளுக்கு வாய் துடைக்க வேண்டும், கழுவிவிட வேண்டும். அங்கே அது சட்டம். உரிமையாளரம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தேன் என்றார்.

அக்கா வழக்கம்போல எல்லாம் விசாரித்தார். பிளாஸ்திரி ஒட்டினால் என்ன ஆகும்? முழங்காலில் ஒரு தடவை ஒட்டியது, கட்டமாகச் சிவந்தது. காப்பகத்திலிருந்து யார் அழைத்துவருவது? அப்பா, நாலு மணிக்கு. அவர் வீட்டிலேயே வயலின் சொல்லித் தருகிறவர். டீச்சர் வீடு திரும்ப ஆறு ஆகிவிடும். எல்லாவற்றையும் அக்கா எழுதிக்கொண்டார். மூன்றாவது கிண்ணத்தில் மரப்பிசின், எட்டாவதில் ரப்பர் என்று பட்டை தயாரானது. மூலையை வெட்டி, ஒட்டி, மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

அன்று மத்தியானமே அந்த ஆயா வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். டோக்கன் ஜன்னலில் நின்றார். இரண்டு கையும் முந்தானைக்குள் இருந்தன.

"அந்தப் பிள்ளைக்கு என்னங்க? என்னைத்தான் சொல்றாங்க," என்றார். "பதினாலு வருஷமா பிள்ளைங்களைப் பாக்கிறேன். இதுல பேரு கெட்டா அப்புறம் யாருங்க என் கையில பிள்ளையைத் தருவாங்க?"

நோயாளி விஷயம் வெளியே சொல்லக் கூடாது என்றேன். அது விதி. அதை இன்னும் கொஞ்சம் இதமாகச் சொல்லியிருக்கலாம். ஒரு டோக்கனின் பின்பக்கத்தில் தன் போன் நம்பரை என்னையே எழுதச் சொன்னார், தெரிந்ததும் ஒரு வார்த்தை சொல்லும்படி. எழுதிப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வைத்தேன்.

அவர் போன பின் அக்கா திரையை விலக்கினார். "கையை வெளியவே எடுக்கல, கவனிச்சியா?"

"கவனிச்சேன்க்கா. நம்பரைக்கூட என்னைத்தான் எழுதச் சொன்னாங்க."

"மறைக்கிறா," என்றார் அக்கா.

நானும் ஆமாம் போட்டேன். ஆயாதான் என்று நாங்கள் இரண்டு பேரும் அந்த இடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டோம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று தோல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

புதன்கிழமை டீச்சர் ஸ்கூலுக்குத் தாமதமாகிறது என்ற பதற்றத்தோடு வந்தார். வாலு உள்ளே நுழையும்போதே கத்த ஆரம்பித்தாள். காலால் உதைத்தாள். அக்கா ஒரு கையால் அவளைப் பிடித்து, மறுகையால் போட்டோ எடுத்து, பட்டையை உரித்தார். கை பழக்கத்தில் போட்டோ எடுத்தது. கண் அதைப் பார்க்கவில்லை. கண்தான் ஏற்கெனவே எட்டாம் இடத்துக்குப் போய்விட்டதே. அங்கே சிவப்பாக, பொத்தான் அளவுக்குத் தடித்திருந்தது.

டீச்சர் அக்காவின் தோளுக்கு மேலிருந்து எண்ணினார். "ஆறு, ஏழு, எட்டு. எட்டு என்ன சிஸ்டர்?"

வெள்ளிக்கிழமை டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இந்த விதியைப் புதிதாக வருகிற நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே அக்காதான்.

"ரப்பர்," என்றார் அக்கா.

ஒரே வார்த்தை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கெடுத்தது இன்னொருத்தியின் பிழைப்பை. டீச்சர் வெளியே வந்து என் மேசைக்கு முன்னால் நின்றே போன் செய்தார். "ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க. அந்தம்மா போடற கையுறைதான். ஆமா, பரிசோதனை பண்ணித்தான் சொல்றாங்க." அன்று சாயங்காலமே ஆயாவை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். மறுநாள் இன்னொரு பிள்ளைக்கு டோக்கன் வாங்க வந்த ஒரு தாய் இதைச் சொன்னார். நான்கு குடும்பம் போன் செய்ததாம், உரிமையாளரம்மாவுக்கு வேறு வழியில்லையாம். இதை அக்காவிடம் சொன்னேன். "தப்பு பண்ணினா அனுபவிக்கணும்," என்றார். ஆனால் அன்று அவர் டீயைப் பாதி வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வாலுவை அழைத்துக்கொண்டு அவளுடைய அப்பா வந்தார். ஒல்லியான மனிதர். டோக்கனை வாங்கும்போதே என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த வாரம் எனக்கு எதுதான் தோன்றவில்லை!

அக்கா சட்டையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி கிட்டே குனிந்து பார்த்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைத்தேன்.

எட்டாம் இடம் நன்றாகச் சிவந்திருந்தது. அதோடு மூன்றாம் இடத்திலும் லேசாக ஒரு சிவப்பு. பத்துக் கிண்ணம் இருந்த கட்டத்துக்கு வெளியே, மேலும் கீழும், இரண்டு மெல்லிய சிவப்புப் பட்டைகள். அந்த இடத்தில் அக்கா எதையுமே ஒட்டவில்லை.

அக்கா புதன்கிழமை எடுத்த போட்டோவைத் திறந்தார். பெரிதாக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வா. வெட்டின மூலை எங்க இருக்கு, நீ சொல்லு."

கீழே, இடப்பக்கம் இருந்தது.

பட்டை தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கிறது. தலைகீழாக்கினால் பத்தாவது கிண்ணம் ஒன்றாவதன் இடத்துக்கு வரும், மூன்றாவது கிண்ணம் எட்டாம் இடத்துக்குப் போகும். சிவந்தது ரப்பர் அல்ல. மரப்பிசின். அக்காவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. வலப்பக்கம் மேலே இருக்கிறதா என்று பார்க்கத்தான் பதினொரு வருடமாக மூலை வெட்டிக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டிய ஒரே நாளில் பார்க்கவில்லை.

"சார், யாரு இதைத் திருப்பி ஒட்டினது?" என்றார். குரலில் போலீஸ் இல்லை.

வயலின்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான்தாங்க. திங்கக்கிழமை சாயங்காலம். இவ நாற்காலி முதுகுல உரசி உரசி மொத்தமா கழட்டிட்டா. இவங்க அம்மா வர்றதுக்குள்ள ஒட்டிடணும்னு எப்படியோ ஒட்டிட்டேன். ஒட்டி நிக்கலைன்னு மேலயும் கீழயும் பிளாஸ்திரி போட்டேன். புதன்கிழமை காலையில அதை மட்டும் உரிச்சுட்டேன்."

"கழண்டா நேரா இங்க வாங்கன்னு மூணு தடவை சொல்லி அனுப்பினேனே."

"அவளும் வீட்ல மூணு தடவை சொன்னா. அதனாலதான் பயம். அவகிட்ட ஒரு பயம்னா, உங்களைப் பத்திக் கேட்டதுல ரெண்டு பயம்."

நான் சிரித்திருப்பேன், அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் குனிந்து அந்த மெல்லிய சிவப்புகளைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் இடத்தில் லேசாகச் சிவந்தது, பட்டை கழலும்வரை பிசின் அங்கே இருந்த தடம். சில பிளாஸ்திரிகளின் பசையில் மரப்பிசின் இருக்கும். முழங்காலில் கட்டமாகச் சிவந்தது என்று திங்கட்கிழமையே அவர் கைப்பட எழுதியது அங்கேயே இருந்தது.

"சாயங்காலம் பிள்ளைக்குத் தின்னக் கொடுப்பீங்கல்ல, வாயை எதால துடைப்பீங்க?"

"துணியாலதான்."

"எந்தத் துணி?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தார். பஞ்சு போல மெத்தென்ற துணி. உதறியதும் மாவு போல வெள்ளைத் தூள் பறந்தது. வயலின் வில்லின் முடிக்கு மரப்பிசின் தேய்ப்பார்கள். வாசிக்க வாசிக்க அந்தத் தூள் வயலின்மேல் கொட்டும். அதைத் துடைக்கிற துணி. வாரநாளில் மாணவர்கள் வருவார்கள், துணியில் பிசின் ஏறும். நாலு மணிக்கு மேல் கையில் கிடைத்த மெல்லிய துணி அதுதான். மூன்று விரலில் சுற்றிப் பிடித்து, இந்தக் கன்னம் ஓர் இழுப்பு, அந்தக் கன்னம் ஓர் இழுப்பு. சனி, ஞாயிறில் டீச்சர் வீட்டில் இருப்பார், தண்ணீரால் கழுவிவிடுவார். நோட்டில் இருந்த கணக்கு அப்படியே பொருந்தியது.

அக்கா துணியை முகர்ந்தார். "இது ஏன் பையில வரல?"

"இது பிள்ளையோட சாமான் இல்லீங்களே. வயலினோடது," என்றார் அவர், அழாத குறையாக.

டாக்டர் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். துணியை விலக்கச் சொன்னார். ஆனால் பட்டை இடம் மாறிய பரிசோதனையை வைத்து எதையும் எழுதித் தர முடியாது, பதினைந்து நாள் கழித்துப் பிசினும் ரப்பரும் மட்டும் இரண்டு கிண்ணத்தில் மறுபடி ஒட்டலாம், அதன் பிறகு எழுதுகிறேன் என்றார். அவர் சொன்னது சரி.

"தப்பா சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகல டாக்டர்," என்றார் அக்கா. "சரியா சொல்ல மட்டும் பதினஞ்சு நாளா?"

அக்கா என் மேசைக்கு வந்து பேப்பர்வெயிட்டைத் தூக்கினார். டோக்கன் அங்கேயே இருந்தது. நான் ஒரு தடவைகூட அந்த நம்பருக்குப் பேசவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து வழி கேட்டு இருவரும் போனோம். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. போகும் வழியில் அக்கா காப்பகத்தில் நின்று உரிமையாளரம்மாவிடம் தன் தவறை ஒப்புக்கொண்டார். "வாயால சொன்னா போதாதும்மா, எழுத்துல கொண்டாங்க," என்றார் அந்தம்மா. நீக்குவதற்கு வாய் வார்த்தை போதுமாக இருந்தது. அடுத்து அக்கா டீச்சருக்குப் போன் செய்தார். "அப்போ நான் அந்தம்மாவைப் பத்தி நாலு வீட்ல..." என்று தொடங்கி, முடிக்காமல் போனை வைத்துவிட்டாராம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஆயா எங்களை உட்காரச் சொல்லவில்லை. அக்கா நின்றபடியே நடந்ததைச் சொன்னார். மென்று விழுங்கவில்லை. "நான் பாக்காம சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

ஆயா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "பிள்ளைங்க வாயைத் தொடும்போது நான் கையுறை போட்டதே இல்லைங்க."

"அதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே!" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"எப்படிங்க சொல்றது? அங்க கையுறை போடறது சட்டம். போடலைன்னு சொன்னா அதுக்கு ஒரு தடவை வேலையை விட்டு அனுப்புவாங்க. முதலாளியம்மா இருக்கிற காலை நேரத்துல மட்டும் மாட்டிக்குவேன். பிள்ளைங்க சாப்பிடறதுக்குள்ள அவங்க போயிடுவாங்க, கழட்டிடுவேன். போட்டா தாங்க முடியல."

"ஏன் தாங்க முடியல?" என்றார் அக்கா.

ஆயா முதல்முறையாகக் கைகளை முந்தானையிலிருந்து வெளியே எடுத்தார். மணிக்கட்டுவரை வெடித்து, செதில் செதிலாக உரிந்து, சில இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. கையுறை முடிகிற இடத்தில் கோடு போட்டதுபோல் நின்றிருந்தது. "இந்தக் கையைப் பாத்தா யாருங்க பிள்ளையைத் தருவாங்க? அதான் மறைச்சேன்."

மறைக்கிறாள் என்று கண்டுபிடித்த இரண்டு மேதைகளும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அக்கா அந்தக் கையைத் தன் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "அந்தப் பிள்ளைக்கு மறுபடி ஒட்டற அன்னிக்கு நீங்களும் வாங்கம்மா. உங்க முதுகுலயும் ஒட்டணும்."

"இன்னும் என்மேல என்ன சந்தேகம்?"

"உங்கமேல இல்ல. கையுறைமேல."

ஆயா யோசித்தார். "வர்றேன். ஆனா என்ன வந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லணும். போன தடவை ஊருக்கெல்லாம் தெரிஞ்சு கடைசியாத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அந்தப் பதினைந்து நாளும் ஆயா வேலையில்லாமல்தான் இருந்தார். தினமும் காலையில் போன் செய்து கை எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்பார். வாலுவின் கன்னம் துணி நின்ற பத்தாம் நாள் சுத்தமாகிவிட்டது. வயலின்காரர் அந்த மஞ்சள் துணியில் 'பிள்ளைக்கு அல்ல' என்று மையால் எழுதிவைத்திருக்கிறாராம்.

மறுபடி ஒரு திங்கட்கிழமை. சின்ன முதுகு ஒன்று, பெரிய முதுகு ஒன்று. அக்கா மூலையை வெட்டி ஒட்டினார். புதன்கிழமை எடுக்குமுன் போட்டோவை என்னிடம் நீட்டி, மூலை எங்கே என்று என்னையும் சொல்லவைத்தார். அவர் கண்ணையே அவர் இப்போது நம்புவதில்லை. "என்ன வந்திருக்கு சிஸ்டர்?" என்று டீச்சர் கேட்டதற்கு, "வெள்ளிக்கிழமை டாக்டர் சொல்வார்," என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை உரிமையாளரம்மாவும் வந்திருந்தார். டீச்சர் பெஞ்சின் ஒரு கோடியில், அவர் மறு கோடியில். டாக்டர் முதலில் வாலுவைப் பார்த்தார். பிசின் இருந்த இடம் சிவப்பு, ரப்பர் இருந்த இடம் சுத்தம். எழுதிக் கொடுத்தார். பிறகு திரைக்குள் ஆயாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார், எதுவும் பேசாமல் அடுத்த அறைக்குப் போனார். உள்ளே அக்கா ஆயாவின் காதோரம் குனிந்து ஏதோ சொல்வது தெரிந்தது. என் காதுக்கே எட்டவில்லை.

அக்கா வெளியே வந்ததும் உரிமையாளரம்மா எழுந்தார். "அந்தம்மாவுக்கு என்ன வந்துச்சு?"

"அது அவங்க முதுகு," என்றார் அக்கா. "அவங்களே சொல்லட்டும்."

ஆயா வர நேரமானது. உடையைச் சரிசெய்துகொண்டு வந்தார். இரண்டு கையும் வெளியே தொங்கின, எல்லோரும் பார்க்கும்படி. வாலு பெஞ்சிலிருந்து குதித்து ஓடிப்போய் அந்த விரல்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் தடுக்கவில்லை.

"ரப்பர் ஆகாதது எனக்குத்தாங்க," என்றார் ஆயா. "பிள்ளைக்கு இல்ல."

உரிமையாளரம்மா டாக்டர் எழுதிய சீட்டை வாங்கிப் படித்தார், ரப்பர் இல்லாத கையுறை எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். எதிர்க் கடையில் கிடைக்கும் என்றேன். திங்கட்கிழமைக்குள் வாங்கி வைக்கிறேன் என்று ஆயாவைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா அதற்குள் அடுத்த பிள்ளையின் பையை மேசைமேல் கவிழ்த்திருந்தார். "இதுல இல்லாதது என்ன?" என்று கேட்பது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு கேள்வியும் கேட்டார். அதை அவர் இதற்கு முன் யாரிடமும் கேட்டதில்லை.

"பிள்ளையைப் பாத்துக்கிறவங்க வந்திருக்காங்களா? அவங்களையும் உள்ள வரச் சொல்லுங்க."